உள்பக்கம் திரும்பிய வாட்ச்

டீக்கடை மாஸ்டர் "டீயா, காப்பியா?" என்று கேட்டால்கூட "பாப்போம்" என்று சொல்கிற ஆள் அவர். மாஸ்டர் பாவம், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஏதோ ஒன்றைப் போட்டு நீட்டுவார். இவரும் வாங்கிக் குடிப்பார். பிடித்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த முகம் நேற்றுப் பூசின சுவர் மாதிரி. சிரிப்பு, கோபம், பசி எதுவும் அதில் ஒட்டி நான் பார்த்ததில்லை.

கம்பம் ஊரில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. தரகுத் தொழில். மாடு, திராட்சைத் தோட்டம், பழைய ஜீப் என்று எது கைமாறினாலும் நடுவில் அவர் நிற்பார். நான் மாமா என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் கிடையாது. எதிர் வீட்டு ஆம்பளையை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஒரு தடவை சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டம் ஒன்றை விலை பேசப் போயிருக்கிறார். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று பேசும்போது ஒரு குளவி அவர் பிடரியில் கொட்டிவிட்டது. சரியாகத் தோட்டக்காரர் விலையைச் சொன்ன நேரம். இவர் இமைகூட அசைக்கவில்லையாம். அசைந்தால், விலையைக் கேட்டு அதிர்ந்துவிட்டார் என்று தோட்டக்காரர் நினைத்துக்கொள்வாரே! பேசி முடித்து, கும்பிடு போட்டு, பைக்கில் ஏறி, தோட்டம் கண்ணுக்கு மறைந்த பிறகு வண்டியை ஓரம் கட்டிவிட்டு "ஆத்தாடீ..." என்று கத்தினாராம். பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் வந்து சொல்லி ஊரே உருண்டு புரண்டு சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை.

நான் அப்போது டிகிரி முடித்துவிட்டு சித்தப்பாவின் மொபைல் கடையில் கவுண்டரில் நின்றேன். படித்தது மெக்கானிக்கல், விற்றது ஸ்மார்ட் வாட்ச். இதை வைத்து என்னைக் கலாய்க்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. ஆனால் வாட்ச் நன்றாக ஓடியது. கேரளா எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிற டிரைவரில் இருந்து ஸ்கூல் டீச்சர் வரைக்கும் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். மாமா சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார்.

"ஏலே, இதுல என்னதான் தெரியும்?"

"என்ன தெரியாதுன்னு கேளுங்க மாமா. எம்புட்டு நடந்தீக, எம்புட்டு நேரம் தூங்குனீக, நெஞ்சு எம்புட்டு வேகமாத் துடிக்குது, எல்லாம் காட்டும்."

"அது யாருக்குத் தெரியணும்?"

"ஒங்களுக்குத்தான்."

"எனக்குத் தெரியுமேடா. நான்தான நடந்தேன்."

இப்படி ஒரு மனிதரிடம் என்ன விற்க முடியும்?

அவர் கையிலும் ஒரு வாட்ச் இருந்தது. ஸ்டீல் பட்டை, வலது கை, அதுவும் டயலை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். மேலே முழுக்கைச் சட்டை, பட்டன் வேறு போட்டிருப்பார். ஏதோ டூப்ளிகேட் சரக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கடை வாசலில் சேறு பட்ட கையைக் கழுவ, வாட்ச்சைக் கழற்றிக் கவுண்டரில் குப்புற வைத்தார். முதுகுப் பக்கம் கண்ணாடி. உள்ளே குட்டிக் குட்டிப் பல் சக்கரங்கள், அதற்கு மேலே அரைவட்டத் தகடு ஒன்று ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. என்னதான் மொக்கை மார்க் வாங்கியிருந்தாலும் நானும் மெக்கானிக்கல்தானே, கண்ணை எடுக்க முடியவில்லை. திருப்பிக் கம்பெனி பெயரைப் பார்த்தேன். போனில் தேடினேன். விலை வந்தது. அந்த விலைக்கு எங்கள் கடையை வாங்கி, கூடவே சித்தப்பாவையும் எடுத்துக்கொள்ளலாம்.

"மாமா... இது ஒரிஜினலா?"

"பாப்போம்," என்று துடைத்துக் கட்டிக்கொண்டார்.

மிச்சக் கதையை அத்தைதான், அதாவது அவர் மனைவிதான் சொன்னார். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட். அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தையே இல்லாமல் கிடந்ததை, இரண்டு பக்கமும் நடையாய் நடந்து இவர் விற்றுக் கொடுத்திருக்கிறார். மூத்த முதலாளி மலையாளத்தில் "இது தான் வெச்சோடோ", அதாவது இதை நீயே வைத்துக்கொள் என்று தன் கையில் இருந்த வாட்ச்சைக் கழற்றி இவர் கையில் மாட்டிவிட்டாராம். இவரும் மாட்டிக்கொண்டு மலை இறங்கி வந்துவிட்டார். அதன் விலை என்ன என்று அத்தைக்கு நான்தான் சொன்னேன். அத்தை அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. மறுநாள் அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"மாமா, இத வாங்குறவன்லாம் நாலு பேரு பாக்கணும்னு சட்டக் கைய மடிச்சு விட்டுட்டுத் திரிவான். நீங்க என்னடான்னா மூடி வச்சிருக்கீக. மணியாச்சும் சரியாக் காட்டுதா?"

"கொஞ்சம் பிந்தும்."

"அப்புறம்?"

"காலைல போனப் பாத்துத் திருத்திக்குவேன்."

நான் சிரித்த சிரிப்பில் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்த சித்தப்பா அதைக் கோணலாக ஒட்டிவிட்டார்.

"போனப் பாத்துத் திருத்துறதுக்கு இம்புட்டு வெலையில ஒரு வாட்சா? இன்னும் கொஞ்ச நாள்தான் மாமா. இந்தப் பல் சக்கரக் கம்பெனியெல்லாம் எங்க சரக்குக்கு முன்னாடி நிக்க முடியாம கடையச் சாத்திட்டுப் போயிருவாக. பாருங்க."

"போகட்டும். மணி பாக்கவாடா ஒருத்தன் வாட்ச் கட்டுறான்?"

"வேற எதுக்காம்?"

ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தார்.

பதில் மாட்டுச் சந்தையில் கிடைத்தது. அப்பா ஒரு கறவை மாடு வாங்கப் போனபோது மாமாவைத்தான் கூட்டிப் போனார். நானும் போனேன். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவருக்காகப் பேசுகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். உள்ளே விரலைப் பிடித்தும் மடக்கியும்தான் பேரம். சுற்றி நிற்கிறவனுக்கு எந்த விலை ஓடுகிறது என்று தெரியாது. மாமா துண்டுக்குள் கையைக் கொடுத்துவிட்டு, வானத்தில் பருந்து பார்க்கிற மாதிரி நின்றார். மாட்டுக்காரர் இரண்டு தடவை கையை உருவிக்கொண்டு "வேணாம்ப்பா" என்று திரும்பினார். மாமா அப்படியே நின்றார். மூன்றாவது தடவை முடிந்துவிட்டது. அப்பா நினைத்ததைவிடக் குறைவு.

மாட்டை ஏற்றி அனுப்பிவிட்டுக் கேட்டேன். "அந்தாளு திரும்ப வருவான்னு எப்டி மாமா தெரியும்?"

"துண்டுக்குள்ள என் பெருவெரலு அவன் நாடி மேல கெடந்துச்சு. நான் வெலையச் சொன்னதும் திக்கு திக்குன்னு ஓடுச்சுல. இன்னிக்கி மாட்ட விக்காம வீட்டுக்குப் போக மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு."

"அடப்பாவி மாமா! சரி, ஒங்க நாடிய அவன் பாத்துட்டா?"

வலது கையை நீட்டிச் சட்டையை விலக்கினார். நாடி இருக்க வேண்டிய இடத்தில் கனமாக உட்கார்ந்திருந்தது வாட்ச்.

ஒரு எஸ்டேட் முதலாளி கட்டியிருந்த, உலகமே வாயைப் பிளக்கிற சாமானை, இந்த மனுஷன் நாடிக்கு மூடியாக வைத்திருக்கிறார்!

"ஒன் கடச் சாமான் நாடியத் தொறந்து காட்டும். இது மூடி வைக்கும். ரெண்டுக்கும் என்னடா போட்டி?" என்றார்.

விடுவேனா? "மூடி வைக்க ஒரு தகரத்த வளச்சுக் கட்டுனாப் பத்தாதா?"

"தகரத்தக் கட்டுனா எதுக்குன்னு கேப்பான். வாட்ச யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டான்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "அதோட, தனியா இருக்கப்ப பின்பக்கம் திருப்பிப் பாத்துக்கலாம்ல. அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்கும். நல்லாருக்கும்."

ஒரு பொருளை அவர் நல்லாருக்கும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவர் மாதிரி வேகமாக முன்னால் நடந்து போய்விட்டார்.

சந்தையில் இந்த மூடி சோறு போடும். வீட்டில்?

அவருக்கு ஒரே மகள். எனக்கு அக்கா. தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. போடியில் இருந்து அக்காவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மாமா முகத்தைப் பார்த்தார்கள். மாமா "பாப்போம்" என்றார். வந்தவர்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் போன் வந்தது. பொண்ணைக் கொடுக்க இஷ்டமில்லாத வீட்டில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

அக்கா என் கடைக்கு வந்து பொரிந்தது. "எங்கப்பாவுக்கு மாடும் நானும் ஒண்ணுதான்டா. பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டா வெல ஏறிரும்னு நெனைக்கிறாக. அவுக மூஞ்சியப் பாத்தா, நான் இந்த வீட்டுக்கு வேண்டிய பொண்ணா வேண்டாத பொண்ணான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

அடுத்த இடம் வடுகபட்டி. இது அக்காவே பார்த்த இடம். மாப்பிள்ளை அதே ஆஸ்பத்திரியில் லேப்பில் இருந்தார். அவருடைய அம்மா வடுகபட்டியில் பூண்டு மொத்த வியாபாரம். நான்கு லாரிக்காரர்களை ஒரே நேரத்தில் திட்டக்கூடிய குரல். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய், பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டியதுதான் பாக்கி. அக்கா மாமாவிடம் நேராகவே சொல்லிவிட்டது. "அப்பா, எனக்கு இவுகதான். இதயும் நீங்க 'பாப்போம்'னு சொல்லி அனுப்பிச்சீகன்னா, நான் இனி யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்."

மாமா தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று அத்தைக்கும் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்து வாட்ச் நின்றுவிட்டது. மழையில் நனைந்து கண்ணாடிக்குள் ஆவி படிந்து, முள் நகரவில்லை. கம்பம், தேனி, மதுரை என்று எங்கேயும் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். கொச்சிக்குத்தான் அனுப்ப வேண்டுமாம். திரும்பி வர மாசக்கணக்கில் ஆகுமாம். நான் சும்மா இருப்பேனா?

"பாத்தீகளா மாமா? என் சரக்கு போச்சுன்னா அடுத்த நிமிசம் புதுசு. ஒங்க வாட்சுக்குக் காச்ச வந்தா வேற ஸ்டேட்டுக்குப் போகணும்!"

ஆள் கொஞ்சம் தொங்கித்தான் போயிருந்தார். சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திக்கொள்வார். வடுகபட்டிக்காரர்கள் வருவதையும் வாட்ச் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா ஒரு முறை முறைத்தது. பேச்சு முடிந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அக்கா கடைக்கு வந்து ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கியது. அப்பா கை வெறும் கையாக இருப்பதைப் பார்க்க முடியவில்லையாம். வயசானவர்களுக்கு என்று வாங்குகிறவர்களுக்கு நாங்கள் ஒரு வேலை செய்து கொடுப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சுத் துடிப்பு எகிறினால் திரை சிவந்து 'பீப் பீப்' என்று கத்தும்படி செட் பண்ணிவிடுவோம். இதற்கும் பண்ணினேன். அக்காவே கையில் மாட்டிவிட்டது. மகள் மாட்டியதை எப்படிக் கழற்றுவது? கட்டிக்கொண்டார்.

வடுகபட்டியில் இருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். நான் காராசேவும் காப்பியும் கொடுக்கிற வேலையில் ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா சாதுவான ஆள். அம்மாதான் பேசினார்.

"அண்ணே, எங்களுக்கு மறைக்கத் தெரியாது. பொண்ண எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சின்னஞ்சிறுசுகளும் பேசி வச்சிருக்குதுக. ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, தட்டு மாத்திக்கிருவோம்."

ஹால் முழுக்க மாமாவைப் பார்த்தது. அடுப்படி வாசலில் அக்கா நின்றது எனக்குத் தெரிந்தது. மாமா வாயைத் திறந்தார். சுவர் மாதிரி முகம். எத்தனையோ வருஷப் பழக்கம், நாக்கு தானாக அந்தப் பக்கமே போய்விட்டது.

"பாப்போம்."

அக்கா உள்ளே போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா தோள் துண்டை எடுத்து உதறினார். அவர் எழுந்திருக்கப் போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. மாமாவுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

பீப். பீப். பீப்.

"என்னண்ணே சத்தம்?" என்றார் அந்த அம்மா.

மாமா வாட்ச்சை இடது கையால் பொத்தினார். அது கைக்குள்ளிருந்து கத்தியது. மடியில் மறைத்தார். வேட்டி சிவப்பாக மின்னியது. மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். லேப்காரர் அல்லவா, முகம் மாறிவிட்டது.

"மாமா, சும்மா ஒக்காந்திருக்கீக, நூத்தி முப்பதுக்கு மேல காட்டுது! நெஞ்சு வலிக்குதா?"

அவ்வளவுதான். "ஐயையோ என்னங்க!" என்று அத்தை ஓடி வந்தார். யாரோ ஃபேனைக் கூட்டினார்கள். யாரோ சட்டைப் பட்டனைக் கழற்றினார்கள். பூண்டு அம்மா "ஏய், வேனத் திருப்புங்கடா! தேனி ஆஸ்பத்திரிக்கு!" என்று போட்ட சத்தத்தில் டிரைவர் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்தே விட்டான். இரண்டு பேர் மாமாவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள்.

"எறக்குங்கப்பா... ஒண்ணுமில்ல... எறக்குங்க," என்றார் மாமா. யார் கேட்டது?

"எறக்குங்கன்னா!"

இறக்கினார்கள்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார். "எந்திரிச்சுப் போயிருவீகளோன்னு பயந்துட்டேன். அம்புட்டுத்தான். எம் மகளுக்குப் பிடிச்ச எடம். எனக்கும் பிடிச்ச எடம். சொல்லத்தான் வரல."

பிறகு அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். வடுகபட்டிக்கே கேட்கிற சிரிப்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அட, இத வாயால சொல்லக் கூடாதாண்ணே? வாட்சு வந்து சொல்லணுமா?" மாப்பிள்ளையின் அப்பா உதறின துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். தட்டு மாற்றும்போதும் அந்தச் சனியன் பீப் அடித்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் அடுப்படிக்குப் போனபோது அக்கா சுவரைப் பார்த்து நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. "ஒனக்கு எத்தன காட்டுதுக்கா?" என்று கேட்டு ஒரு குத்து வாங்கினேன்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் மாமா வந்து அதைக் கவுண்டரில் வைத்தார்.

"சம்பந்தம் பேச ஆகும்டா இது. யாவாரத்துக்கு ஆகாது."

"அக்கா கேட்டா என்ன சொல்லுவீக?"

யோசித்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். கொச்சியில் இருந்து அந்த வாட்ச் வந்த பிறகு சந்தைக்கு அதைக் கட்டினார், வீட்டுக்குள் இதைக் கட்டினார். அத்தைக்குக் கொண்டாட்டம். "கறிக்கொழம்பா, மீனான்னு கேட்டுட்டுக் கையப் பிடிச்சுப் பாக்குறேன்டா. மீனுன்னா ஏறுது," என்று தெரு முழுக்கச் சொன்னார். ஸ்மார்ட் வாட்ச் வந்தால் பல் சக்கர வாட்ச் ஒழியுமா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், முதலில் வீடா சந்தையா என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

கல்யாணம் கம்பத்திலேயே நடந்தது. சாப்பாடு முடிந்து, பொண்ணு மாப்பிள்ளையை வடுகபட்டிக்கு அழைத்துப் போகக் காரும் வேனும் வாசலுக்கு வந்தன. சீர் சாமான் ஏற்றியாகிவிட்டது. அக்கா அழுது முடித்து உள்ளே உட்கார்ந்துவிட்டது. பூண்டு அம்மாவும் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, "அப்ப கூட்டிட்டுப் போகவாண்ணே?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குச் சரி என்று தலையாட்டுவதுதான் முறை. மாமா ஆட்டவில்லை. காருக்குப் பக்கத்தில் வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகலாமே," என்றார்.

அந்த அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, வேனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"எறங்குங்கடி எல்லாரும். அண்ணன் வாயத் தொறந்து கேட்டுட்டாக."